மிலிட்டரி சரக்கு

கலையரசன் வீட்டில் ஊர்த்தெருக்காரர் யாரும் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. ஆனால் அவன் கொண்டுவந்து கொடுத்த ரம்மைக் குடிக்காத பெரிய வீடு அந்த ஊரில் ஒன்றுகூடக் கிடையாது. இதென்னய்யா நியாயம் என்று கேட்டால், தண்ணீர் சொம்பில் வருகிறது, ரம் சீல் வைத்த பாட்டிலில் வருகிறது என்பார்கள். கம்பெனியில் மூடி போட்டு அனுப்பியதற்குத் தீட்டு இல்லையாம். மூடியைத் திருகும்போது கிடுக்கென்று ஒரு சத்தம் வருமே, அந்தச் சத்தத்திலேயே ஊர்த்தெரு, காலனி எல்லாம் கழிந்துபோய்விடும். மனிதன் தனக்கு வேண்டியதற்கு எப்படியாவது ஒரு சாஸ்திரம் கண்டுபிடித்துக்கொள்கிறான்.

களமருதூரைத் தாண்டி உள்ளே போகிற ஊர் அது. பெயரைச் சொல்லி யாருக்கு என்ன லாபம்? நெல் விளைகிற பூமி. வயல் வைத்திருப்பவர்கள் ஏரிக்கு இந்தப் பக்கம், அந்த வயலில் இறங்கி வேலை செய்கிறவர்கள் அந்தப் பக்கம். அந்தப் பக்கத்துக்குக் காலனி என்று பெயர். கலையரசன் அங்கே பிறந்தவன். பன்னிரண்டாவது முடித்த கையோடு ஆளெடுப்புக்குப் போய், ஓடி, மார்பை விரித்து அளவு கொடுத்து, பட்டாளத்தில் சேர்ந்தான். நாட்டுப்பற்று பொங்கிச் சேர்ந்தான் என்று சொன்னால் அவனே சிரிப்பான். அப்பாவைப் போல ஊர்ப் பண்ணைக்காரர் ராமசாமியின் வயலில் ஆயுசுக்கும் குனிந்து நிற்கக் கூடாது, அவ்வளவுதான் அவன் கணக்கு. மாதச் சம்பளம், மூன்று வேளை சோறு, காலுக்கு பூட்ஸ், செத்தால் பெண்டாட்டிக்குப் பணம், சாகாமல் திரும்பினால் பென்ஷன். வேறு எந்த முதலாளி இதையெல்லாம் தருகிறான்?

பட்டாளத்தில் அவனுக்கு வாய்த்த வேலை தண்ணீர் லாரி ஓட்டுவது. ராஜஸ்தான் மணலிலும் காஷ்மீர்ப் பனியிலும் அவன் கொண்டுபோன தண்ணீரைத்தான் கர்னல் முதல் சமையல்காரன் வரை குடித்தார்கள். அங்கே யாரும் அவனை எந்தத் தெரு என்று கேட்கவில்லை. துப்பாக்கியைப் பயிற்சி மைதானத்தில் தவிர வேறெங்கும் அவன் சுட்டதில்லை. ஊரில் இந்த உண்மை தெரிந்தால் மரியாதை குறைந்துவிடும் என்பதால், எத்தனை பேரைச் சுட்டாய் என்று யாராவது கேட்டால், அதெல்லாம் வெளியே சொல்லக் கூடாதுங்க என்று முகத்தை இறுக்கிக்கொள்வான். கேட்டவர்கள் தலையை ஆட்டிக்கொண்டு போவார்கள்.

ஹவில்தாராக ஓய்வு பெற்று வந்தபோது பென்ஷன் வந்தது, மருத்துவ அட்டை வந்தது, கேன்டீன் கார்டு வந்தது. பென்ஷனை வைத்து மனைவி ராதிகா ஓட்டு வீட்டை இடித்து மாடி எழுப்பினாள், மகளைக் கல்லூரியில் சேர்த்தாள். மருத்துவ அட்டையில் அவனுக்கும் ராதிகாவுக்கும் மகளுக்கும் இடமுண்டு. கூடப் பிறந்த தம்பி மாயவனுக்கு இல்லை. தம்பி என்கிற உறவை ராணுவம் ஒத்துக்கொள்வதில்லை. ஆனால் ஊருக்குள் கலையரசனுக்கு ஒரு முகம் வாங்கிக் கொடுத்தது பென்ஷனும் இல்லை, பெட்டிக்குள் கிடந்த மெடலும் இல்லை. கேன்டீன் கார்டுதான். மாதம் ஒருமுறை பஸ் ஏறி ராணுவக் கேன்டீனுக்குப் போய்த் தன் பங்கு ரம் பாட்டில்களை வாங்கிவருவான். அதில் முக்கால்வாசி ராமசாமி வீட்டுக்குப் போய்விடும்.

ராமசாமி ஏரி பாய்கிற ஆயக்கட்டில் பாதிக்குச் சொந்தக்காரர், கட்சியில் ஒன்றிய அளவில் பெரிய ஆள். தன்னைவிட வயதில் மூத்த கலையரசனின் அப்பாவைச் சாகும்வரை வாடா போடா என்றுதான் கூப்பிட்டார். அவரே முதல் பாட்டிலை வாங்கிக்கொண்ட அன்று, "வா மிலிட்டரி, உக்காரு" என்று நாற்காலியைக் காட்டினார். கலையரசன் அதில் உட்கார்ந்தான். செத்துப்போன அப்பா இதைப் பார்க்காமல் போனாரே என்று நினைத்தான். வீட்டுக்கு ஓடிவந்து ராதிகாவிடம் சொன்னான். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே, நாற்காலி மரமா பிளாஸ்டிக்கா என்று கேட்டாள். பிளாஸ்டிக் என்றான். அப்படியானால் வாசலில்தான் போட்டிருப்பார்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த வெங்காயத்தை எடுத்தாள். அவன் அன்றைக்கு அவளோடு பேசவில்லை.

சுதந்திர தினத்துக்குப் பள்ளிக்கூடத்தில் கொடி ஏற்றுவது ராமசாமி. பக்கத்தில் மெடல் குத்திக்கொண்டு விறைப்பாக நிற்பது கலையரசன். எல்லையில் ரத்தம் சிந்திய நம்மூர்ச் சிங்கம் என்று மைக்கில் முழங்குவார். காலனிப் பிள்ளைகள் எல்லாம் இந்தச் சிங்கத்தைப் போல ராணுவத்துக்குப் போக வேண்டும் என்பார். அவர் மகன் சிவசங்கர் பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்தான். அவனைப் பற்றி அந்தப் பேச்சில் ஒன்றும் வராது. காலனிப் பிள்ளைகளும் விடியற்காலையில் பைபாஸ் ரோட்டில் மூச்சிரைக்க ஓடத்தான் ஓடினார்கள். இப்போதெல்லாம் நாலு வருஷம்தான் வேலை, அதற்கப்புறம் முக்கால்வாசிப் பேரைப் பென்ஷன் இல்லாமல் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள் என்று தெரிந்தும் ஓடினார்கள். நாலு வருஷத்துக்கு அப்புறம் என்ன சார் செய்வது என்று கேட்டால், முதலில் ஓடுங்கடா என்பான் கலையரசன். கொடியேற்றிய அன்று சாயங்காலமே ராமசாமி வீட்டிலிருந்து பாட்டிலுக்கு ஆள் வந்துவிடும்.

தம்பி மாயவன் பட்டாளத்துக்கும் போகவில்லை, பள்ளிக்கூடத்திலும் நிற்கவில்லை. அப்பா இறங்கிய அதே ராமசாமி வயலில் இறங்கினான். மனைவி சாலம்மாளும் அங்கேதான் நடவுக்கும் களைக்கும் போனாள். அண்ணன் மேல் மாயவனுக்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது. பஸ்ஸில் இடம் பிடிக்க வேண்டுமா, டீக்கடையில் யாராவது முறைக்கிறார்களா, எதற்கும் ஒரே வாக்கியம்தான் வைத்திருந்தான்: எங்க அண்ணன் மிலிட்டரி. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அண்ணன் ஒரு பாட்டில் கொடுத்தால் அதைத் தனியாகக் குடிக்க மாட்டான். நாலு பேரைக் கூட்டிவைத்து லேபிளைக் காட்டுவான். ராணுவத்துக்கு மட்டும் என்று இங்கிலீஷில் போட்டிருப்பதை, எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாவிட்டாலும், விரல் வைத்துப் படிப்பான். அப்புறம்தான் ஊற்றுவான்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில் உள்ளாட்சித் தேர்தல் வந்தது. ராமசாமி ஒன்றியக் கவுன்சிலருக்கு நின்றார். காலனி ஓட்டு இல்லாமல் ஜெயிக்க முடியாது. முன்பெல்லாம் தேர்தலுக்கு முந்தைய ராத்திரி பாக்கெட் சாராயத்தை இறக்கிவிட்டால் வேலை முடிந்தது. கள்ளக்குறிச்சியில் அத்தனை பேர் செத்து, தெருவே பிணமாகக் கிடந்ததைப் பார்த்த பிறகு பாக்கெட் என்றாலே ஜனம் பதறியது. சும்மா கொடுத்தாலும் வாங்க ஆளில்லை. ராமசாமி கலையரசனை வரச்சொல்லி நாற்காலி போட்டு, தன் கையாலேயே மின்விசிறியைத் திருப்பிவைத்தார்.

"காலி பாட்டிலு எவ்ளோ கீது உன்னாண்ட? உன் சிநேகிதக்காரங்க வூட்டுலயும் கேட்டு வாங்கியா. டாஸ்மாக் ரம்முதான் ஊத்தப் போறோம், பாட்டிலு மட்டும்தான் உன்னுது. மிலிட்டரின்னா காலனி சனம் கண்ண மூடிகினு குடிக்கும்யா."

கலையரசன் இருந்த யூனிட்டில் காலி பாட்டிலை லேபிள் கிழித்து உடைத்துத்தான் போடுவார்கள். யார் எதை ஊற்றி விற்பார்களோ என்கிற பயம். இது அவனுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே, டாஸ்மாக் ரம்தானே, குடித்தால் போதை, அவ்வளவுதானே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் மறுநாளிலிருந்து நாற்காலி இருக்காது. உளுந்தூர்பேட்டையிலும் எலவனாசூர்கோட்டையிலும் இருந்த பழைய பட்டாளத்து நண்பர்கள் வீடுகளில், வீட்டில் பினாயில் ஊற்றி வைக்க என்று சொல்லிக் காலி பாட்டில்களைச் சேர்த்தான். மாயவன்தான் அவற்றைச் சாக்கில் கட்டி வண்டியில் கொண்டுபோய் ராமசாமி தோட்டத்தில் இறக்கினான். எதற்கு என்று அவன் கேட்கவில்லை. அண்ணன் சொன்னால் காரணம் இருக்கும்.

தேர்தலுக்கு இரண்டு நாள் முன்னால், பொழுது சாய்கிற நேரத்தில் பாட்டில்கள் காலனிக்கு வந்தன. கொடுத்தவர்கள் கட்சிப் பெயரைக்கூடச் சொல்லவில்லை. கலையரசன் சரக்கு, ஒரிஜினல் மிலிட்டரி என்று சொல்லித்தான் வீட்டுக்கு ஒன்று கொடுத்தார்கள். பயந்து கிடந்த ஜனம் கை நீட்டி வாங்கியது. தான் சுமந்துபோன காலி பாட்டில்கள்தான் இவை என்று மாயவனுக்குத் தோன்றவே இல்லை, அண்ணன் சரக்கு என்றார்கள், அது போதும் அவனுக்கு. மாடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த கலையரசனுக்கு நெஞ்சில் ஒரு உறுத்தல் இருந்தது. இல்லாமலில்லை. ஆனால் தெரு முழுக்கத் தன் பெயர் அடிபடுவதில் ஒரு குளுகுளுப்பும் இருந்தது. அவனுக்காகப் பரிந்து பேசுகிறவர்கள்கூட இதை மறைக்கக் கூடாது.

காலையில் சாலம்மாள் ஓடிவந்தாள். மாயவனுக்கு ராத்திரி முழுக்க வாந்தி என்றும், வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருளுகிறான் என்றும் சொன்னாள். கலையரசன் போனபோது மாயவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். தலை வெடிக்கிறது என்றான். சாலம்மாள் தண்ணீர் எடுக்க உள்ளே போன நேரத்தில், கண்ணில் கொஞ்சம் புகை மாதிரி இருக்கிறது என்று அண்ணனிடம் மட்டும் மெல்லச் சொன்னான். ராத்திரி தூக்கமில்லாதது என்று சொல்லி, கலையரசன் அவனை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். ஒரு நிமிஷம் தன் அட்டை ஞாபகம் வந்தது. தனக்கு வந்திருந்தால் ஏசி வைத்த பெரிய ஆஸ்பத்திரியில் படுத்திருக்கலாம்.

டூட்டியில் இருந்தவர் சந்தியா என்கிற இளம் டாக்டர். அந்த ஜில்லாவில் வேலை செய்கிற எந்த டாக்டரும் வாந்தி என்று வருகிற கூலிக்காரனிடம் முதலில் கேட்கிற கேள்வியைத்தான் அவரும் கேட்டார், என்ன குடித்தாய் என்று. சாராயம் தொட மாட்டேன் என்று மாயவன் ரோஷத்தோடு சொன்னான். மிலிட்டரிம்மா, எங்க மாமா பட்டாளத்துல இருந்தவரு என்று சாலம்மாள் கலையரசனைக் கை காட்டினாள். கண் தெரிகிறதா என்று டாக்டர் கேட்டபோது மாயவன், நல்லாத்தான் தெரியுது என்றான். பொய். அண்ணன் சரக்கில் குறை என்று ஒரு வார்த்தை வந்துவிடக் கூடாது அவனுக்கு. டாக்டர் நிமிர்ந்து கலையரசனைப் பார்த்தார்.

"சார், நீங்க சொல்லுங்க. கள்ளச்சாராயம்னா அதுக்குக் குடுக்கற மருந்தே வேற, உடனே குடுக்கணும். ரத்தம் எடுத்து அனுப்பி ரிசல்ட் வர்ற வரைக்கும் காத்திருந்தா கண்ணு போயிடும். போலீஸுக்குப் பயந்து மறைக்காதீங்க. நெஜமாவே அது மிலிட்டரி ரம்தானா?"

கலையரசன் நிமிர்ந்து நின்றான். ஆபீசர் முன்னால் நிற்கிற அதே நிற்பு. பாட்டிலுக்குள் இருந்தது டாஸ்மாக் சரக்கு என்று அந்த நேரம் வரை அவன் நம்பினான், அது உண்மை. ஆனால் பாட்டில் காலியாகப் போனது என்று சொன்னால் கேன்டீன் கார்டு போகும். கேஸ் வரும். கேஸில் தண்டனை என்று ஆனால் பென்ஷனிலேயே கை வைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்தான். இத்தனையும் ஒரு மூச்சு இழுப்பதற்குள் அவன் மனதில் ஓடிமுடிந்தன.

"ஆமாங்க. மிலிட்டரி ரம்முதான். நான் குடுத்ததுதான்," என்றான்.

பட்டாளத்துக்காரன் வாக்கை டாக்டர் நம்பினார். அவரைக் குறை சொல்ல வழியில்லை. வயிற்றுக்கு ஊசி போட்டு, குளுக்கோஸ் ஏற்றி, ரத்தத்தையும் எடுத்து அனுப்பிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போனார். மாயவன் அண்ணனைப் பார்த்து லேசாகச் சிரித்தான்.

கலையரசன் அங்கிருந்து நகர்ந்தான். வெளியே வேப்பமரத்தடிக்கு வந்து ராமசாமிக்குப் போன் போட்டான். தேர்தல் வேலையில் இருந்தவர் மூன்றாவது முறைதான் எடுத்தார். பாட்டிலில் என்ன ஊற்றினீர்கள் என்று கேட்டான்.

"எனக்கு இன்னா தெரியும்? பசங்கதான் பாத்துகினாங்க. டாஸ்மாக் சரக்கு கட்டுப்படியாவலன்னு வெளிலேர்ந்து கேன்ல வாங்கி கலந்தானுங்களாம். இத பாரு மிலிட்டரி, நீ வாய தொறந்தேன்னா பாட்டிலு யாருதுன்னுதான் மொதல்ல கேப்பாங்க. யோசிச்சிக்கோ."

போன் அறுந்துபோனது. இனி தெரியாது என்று சொல்ல வழியில்லை. உள்ளே போய் டாக்டரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். கலையரசன் உள்ளே போனான். வராந்தாவில் டாக்டர் எதிரே வந்தார். அவன் விறைத்து நின்றதைப் பார்த்து, என்ன சார் என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றான். டாக்டர் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் திரும்பவும் அந்தப் பக்கம் வந்தார். அப்போதும் அவன் சொல்லவில்லை. மகள் படிப்பை நினைத்தான், மாடி வீட்டை நினைத்தான், தம்பி உடம்பு கட்டுமஸ்தானது, தாங்கிவிடும் என்று நினைத்தான். டீக்கடைக்குப் போய் டீ வாங்கி, குடிக்காமல் வைத்துவிட்டு வந்தான். படுபாவி, அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம்.

மத்தியானத்துக்கு மேல் காலனியிலிருந்து ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். அம்மாசியை நாலு பேர் தூக்கிவந்தார்கள். வாயில் நுரை தள்ளியிருந்தது. அவன் பெண்டாட்டிக்குப் பட்டாளத்துச் சரக்கின் மேல் எந்தப் பக்தியும் இல்லை. அது ரம்முமில்லை ஒரு எழவுமில்லை, மண்ணெண்ணெய் மாதிரி எரிந்தது என்று அவன் சொன்னதை வாசலிலேயே கத்திச் சொன்னாள். டாக்டர் சந்தியா அப்படியே திரும்பி மாயவன் கட்டிலுக்கு ஓடினார். போகிற போக்கில் கலையரசனை ஒரு பார்வை பார்த்தார். பதினேழு வருஷ சர்வீஸில் எந்த ஆபீசரும் அவனை அப்படிப் பார்த்ததில்லை.

அவர் மருந்தைத் தொடங்கும்போது மாயவன் சாலம்மாளிடம், பட்டப்பகலில் ஜன்னலை எல்லாம் ஏன் சாத்திவிட்டார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தான். ஜன்னல்கள் திறந்துதான் இருந்தன.

அம்மாசி அன்றே செத்தான். இன்னொருவர் மறுநாள். மாயவன் பிழைத்தான், கண் பிழைக்கவில்லை. அதிகாரிகள் வந்தார்கள், டிவிக்காரர்கள் வந்தார்கள். சாராயம் என்றாலே கல்வராயன் மலை என்று எழுதிப் பழகிய போலீஸ் கை அப்படியே எழுதியது. போலீஸ் ஜீப்புகள் அந்த மலைமேல் இருக்கிற வெள்ளிமலைக்கு ஏறிப்போய், ராகியும் சாமையும் வைத்திருந்த பானைகளையும் சேர்த்து உடைத்துவிட்டு இறங்கின. கேனில் வந்த விஷம் சமவெளியிலேயே எங்கிருந்தோ வந்தது என்பது ராமசாமியின் ஆட்களுக்குத் தெரியும், அவர்கள் சொல்லவில்லை. செத்தவர்கள் குடும்பத்துக்கு நிவாரணம் அறிவித்தார்கள். எல்லையில் செத்தவனைவிடக் குடித்துச் செத்தவனுக்குச் சீக்கிரம் பணம் வருகிறது என்று டீக்கடையில் சிலர் நொட்டை சொன்னார்கள். அம்மாசி உடம்புக்கு ராமசாமி பெரிய மாலையாகப் போட்டார். தேர்தலிலும் ஜெயித்தார்.

கலையரசன் வீட்டுக்குள்ளேயே கிடந்தான். ஒரு நாள் ராதிகாவிடம் எல்லாவற்றையும் சொன்னான், போனில் ராமசாமி பேசியது, டாக்டர் கேட்டது, தான் சொன்னது, அப்புறம் சொல்லாமல் நின்றது.  முடிந்ததும் ராதிகா எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

"பென்ஷன் போனா போவட்டும். வூட்ட வித்துகினு கூலிக்குப் போலாம், எனக்கு ஒண்ணும் கம்மியில்ல. ஸ்டேஷனுக்குப் போ. ராமசாமி பேரையும் சொல்லு, உன் பேரையும் சொல்லு. மொதல்ல உன் தம்பியாண்ட சொல்லிட்டுப் போ," என்றாள்.

மறுநாள் காலையில் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினான். பஸ்ஸில் போகும்போது பல வருஷத்துக்கு அப்புறம் உடம்பு லேசாக இருப்பதுபோல் இருந்தது. தம்பி அடிப்பான், திட்டுவான், அண்ணன் என்றே கூப்பிட மாட்டான், அத்தனையும் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் கண்ணைப் பறித்தவன் பெயராவது அவனுக்குத் தெரிய வேண்டும். ராமசாமி கம்பி எண்ணுவதையாவது அவன் காதால் கேட்க வேண்டும்.

வார்டில் மாயவன் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். சாலம்மாள் கஞ்சி வாங்கப் போயிருந்தாள். அண்ணன் செருப்புச் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிட்டான். முகம் மலர்ந்தது. கலையரசன் பக்கத்தில் உட்கார்ந்து, தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டான். சிறுவயதுக்கு அப்புறம் பிடித்ததில்லை. ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்று ஆரம்பித்தான்.

நானும் ஒன்று சொல்ல வேண்டும், முதலில் நான் சொல்லிவிடுகிறேன் என்று மாயவன் முந்திக்கொண்டான். நேற்று ராமசாமி அய்யா தன் கார் போட்டுக்கொண்டு பார்க்க வந்தாராம். ஆப்பிள், ஹார்லிக்ஸ் எல்லாம் வாங்கிவந்து, கட்டிலிலேயே உட்கார்ந்தாராம். காலனிக்காரன் கட்டிலில் அவர் உட்கார்ந்தது இதுதான் முதல்முறை என்று சொல்லும்போது மாயவன் குரலில் ஆச்சரியம் இருந்தது. ஊரில் சில பேர் உன் அண்ணன் மேல் பொறாமைப்பட்டு, அவன் கொடுத்தது மிலிட்டரி சரக்கே இல்லை, போலி என்று பழி போடுகிறார்கள் என்றாராம். பட்டாளத்தில் பாடுபட்டு வாங்கிய பெயர், நீதான் காப்பாற்ற வேண்டும் என்று கண் கலங்கினாராம். அவர் போன சூட்டோடு போலீஸ்காரர் வந்து எழுதிக்கொண்டாராம்.

"பயப்படாதண்ணா. ஒரு வார்த்த மாத்தாம சொன்னேன். டாக்டரம்மா கேட்டப்போ நீ நின்னுகினு சொன்னியே, அதயேதான் சொன்னேன். எங்க அண்ணன் குடுத்த சரக்கு, ஒரிஜினல் மிலிட்டரி, வேற எவனும் கைய வெக்கலன்னு. கையெழுத்து எங்க வெக்கணும்னு தெரியல, அவுங்களே புடிச்சி வெச்சிகினாங்க. என் ஒடம்புதான் அன்னிக்கு சரியில்ல, சரக்கு மேல தப்பே இல்லன்னேன். சரியா சொன்னேனாண்ணா?"

 தான் சொல்ல வந்த ஒவ்வொரு வார்த்தையும் இனி தம்பியைப் பொய்யனாக்கும் என்பது கலையரசனுக்குப் புரிந்தது. அவனைச் சிறைக்கு அனுப்பப்போகிற வாக்குமூலத்தைத் தம்பி அன்பாகக் கொடுத்திருந்தான். அந்தக் கண்கள் போனதற்கு ஒரு காரணம் இருந்தே ஆக வேண்டுமென்றால், அண்ணன் பெயர் நிலைத்தது என்கிற ஒரே காரணத்தைத்தான் மாயவன் கையில் வைத்திருந்தான். அதையும் பிடுங்கிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போக வேண்டும்.  வாசலில் இரண்டு போலீஸ்காரர்கள் யாரையோ விசாரித்துக்கொண்டு உள்ளே வருவது தெரிந்தது. அவர்களில் ஒருவன் இந்தக் கட்டிலைக் கை காட்டினான்.

"ண்ணா, கீறியா? சரியா சொன்னேனா?"

"சரியாத்தான் சொன்ன," என்றான் கலையரசன்.

மாயவன் நிம்மதியாகத் தலையாட்டினான். போலீஸ்காரர்களின் பூட்ஸ் சத்தம் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றதைக் கேட்டு, அண்ணனைப் பார்க்க யாரோ பட்டாளத்துச் சிநேகிதர்கள் வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டான். யாரும் இல்லாத பக்கம் முகத்தைத் திருப்பி, நெஞ்சை நிமிர்த்தி அவர்களிடம் சொன்னான்.

"இவருதாங்க. எங்க அண்ணன் மிலிட்டரி."